மருந்து இருக்கும்போது ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் எதற்கு?



டிரஸ்டின் மருத்துவ உதவிக்கு நிதி ஒதுக்கும் கூட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "டயாலிசிஸுக்குக் கொடுங்கள், ஆபரேஷனுக்குக் கொடுங்கள், மாத்திரை வாங்கிக் கொடுங்கள். கணக்கெடுப்பு, ஆய்வு என்று ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஜகாத்துக்கு மார்க்கம் எட்டுப் பிரிவினரை வகுத்து வைத்திருக்கிறது. அதில் நாம் கை வைக்க முடியாது. பொது நன்கொடையாக வரும் பணமும் அமானத்துதான். அது நோயாளியின் கைக்குப் போகாமல் காகிதத்துக்குப் போகிறது என்றால் கேட்கத்தான் வேண்டும்.

இதே கேள்வியை அரசாங்கங்களும் கேட்டுக்கொள்கின்றன. அதற்கு அனுபவம் தந்த பதிலைப் பார்க்க, அமெரிக்காவின் உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ஹிஸ்பானிக் மக்களிடையே எச்.ஐ.வி. பற்றி அந்தந்த ஊரிலேயே நடக்கும் ஆராய்ச்சிகளும், அவற்றுக்குச் செலவாகும் மக்கள் வரிப்பணமும்தான் அந்த உதாரணம். தூரத்து விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் பெரும்பான்மையோரின் மொழி சரியாக வராத, பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன, குடும்ப மானத்துக்கு அஞ்சி நோயை மறைக்கிற ஒரு சமுதாயத்தின் கதை இது. படிக்கும்போது நம் தெருவும் சில இடங்களில் நினைவுக்கு வரும்.

யார் இந்த ஹிஸ்பானிக் மக்கள்?

மெக்சிகோ, பியூர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, எல் சால்வடோர் போன்ற ஸ்பானிஷ் மொழி பேசும் பகுதிகளை வேராகக் கொண்ட மக்களை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ மக்கள் என்கிறார்கள். நாட்டின் மக்கள் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இவர்கள். டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் சில நூறு ஆண்டுகளாக வாழும் குடும்பங்களும் உண்டு. போன மாதம் வேலை தேடி வந்தவர்களும் உண்டு. பலர் தோட்டங்களிலும் கட்டட வேலையிலும் ஓட்டல்களிலும் உழைப்பவர்கள். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள் இவர்களில் அதிகம்.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சி.டி.சி.) வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022-ம் ஆண்டில் அந்நாட்டில் புதிதாக எச்.ஐ.வி. தொற்றியவர்கள் சுமார் 31,800 பேர். 2018-ஐ விட இது 12 சதவீதம் குறைவு. நல்ல செய்திதான். ஆனால் அந்த 31,800 பேரில் மூன்றில் ஒருவர் ஹிஸ்பானிக். நாட்டின் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, நோய்த்தொற்றில் மூன்றில் ஒரு பங்கு! நாடு முழுவதும் தொற்று இறங்கிய அந்த நான்கு ஆண்டுகளில் இவர்களிடம் அது இறங்கவில்லை.

தொற்றுக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள். ஊசியில் போதை மருந்து ஏற்றிக்கொள்பவர்களும், கணவரிடமிருந்து தொற்றிய பெண்களும் இருக்கிறார்கள். செயல்களைப் பற்றி மார்க்கத்தின் தீர்ப்பு நமக்குத் தெரிந்ததே. ஆனால் படுக்கையில் கிடப்பவர் நோயாளி. அவரிடம் மருத்துவர் கேட்க வேண்டியது ஒன்று, நீதிபதி கேட்க வேண்டியது வேறொன்று. இரண்டையும் கலந்துவிட்டால் நோயாளி மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார் என்பதைப் பின்னால் பார்க்கப்போகிறோம்.

மருந்துக்குக் குறைவில்லை

எச்.ஐ.வி. என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அரிக்கும் வைரஸ். லாஸ் ஏஞ்சல்ஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நுரையீரல் நோய் பற்றி 1981 ஜூன் மாதம் வெளியான சிறு அறிக்கைதான் உலகத்துக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை. 1987-ல் முதல் மருந்து வந்தது. 1996-ல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சை வந்தபிறகு, மரணப் படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். இன்று பலருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை போதும். ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து அவருடைய துணைக்குத் தாம்பத்திய உறவால் தொற்றாது. தொற்றாதவர்கள் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரைக்கும் 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது.

அப்படியானால் மருந்து இருக்கிறது, கடையிலும் இருக்கிறது, பெரிய பெரிய மருத்துவமனைகளும் இருக்கின்றன. பிறகு ஏன் ஒரு சமுதாயத்தில் மட்டும் நோய் குறையவில்லை?

தடுப்பு மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வேலை செய்கிறது என்று நிரூபித்த பெரிய ஆராய்ச்சியின் பெயர் 'ஐபிரெக்ஸ்'. அதன் முடிவு 2010-ல் வெளியானது. அமெரிக்க அரசுப் பணமும் கேட்ஸ் அறக்கட்டளையின் பணமும் அதற்குச் செலவாயின. அதில் பங்கெடுத்த 2,499 பேரில் பெரும்பாலோர் பெரு, ஈக்வடார், பிரேசில் ஆகிய லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் தங்கள் உடம்பைச் சோதனைக்குக் கொடுத்துத்தான் அந்த மாத்திரை உலகத்துக்குக் கிடைத்தது. 2022-ம் ஆண்டின் சி.டி.சி. மதிப்பீட்டின்படி, அந்த மாத்திரை தேவைப்படுகிற வெள்ளையரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதைப் பெறுகிறார்கள். தேவைப்படுகிற ஹிஸ்பானிக் மக்களில் பெறுகிறவர்கள் நான்கில் ஒருவர்தான்.

மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரம் எதனால் ஆனது? மொழியாலா, கூச்சத்தாலா, காசு இல்லாததாலா, குடியேற்ற அதிகாரிகள் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தாலா? ஊருக்கு ஊர் பதில் மாறும். அதைக் கண்டுபிடிப்பதைத்தான் உள்ளூர் ஆராய்ச்சி என்கிறோம்.

இதற்கு ஏன் பொதுப்பணம்?

புது மருந்து கண்டுபிடித்தால் கம்பெனிக்கு லாபம். அதற்குக் கம்பெனிகள் கோடிக்கணக்கில் போடுவார்கள். ஒரு தோட்டத் தொழிலாளி ஏன் இரண்டாவது முறை கிளினிக்குக்கு வரவில்லை என்று கண்டுபிடித்தால் யாருக்கு லாபம்? விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகவே அந்த வேலையை அரசுப் பணம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அந்தப் பணம் சில வாய்க்கால்கள் வழியாக வருகிறது. முதலாவது, தேசிய சுகாதார நிறுவனம் (என்.ஐ.எச்.). பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் "எங்கள் ஊரில் இன்ன கேள்விக்கு விடை தேடப்போகிறோம், இவ்வளவு செலவாகும்" என்று விண்ணப்பிக்கும். அத்துறையில் தேர்ந்த, ஆனால் அந்தக் குழுவோடு சம்பந்தமில்லாத நிபுணர்கள் அதைப் படித்து மதிப்பெண் போடுவார்கள். தேறியவற்றுக்குப் பெரும்பாலும் நான்கைந்து ஆண்டுகளுக்கு மானியம். ஆண்டுதோறும் கணக்கும் முன்னேற்ற அறிக்கையும் கொடுக்க வேண்டும். இந்த நிறுவனம் 1988 முதல் ஊர் ஊராக எய்ட்ஸ் ஆராய்ச்சி மையங்களுக்கும் நிதி தருகிறது.

இரண்டாவது, சி.டி.சி. எந்த ஊரில், எந்த வயதினரிடம், எந்த வழியில் தொற்று பரவுகிறது என்று கணக்கெடுப்பதும், தடுப்பு முறைகளைச் சோதித்துப் பார்ப்பதும் அதன் பொறுப்பு.

மூன்றாவது, ரையன் வைட் திட்டம். இந்தியானா மாநிலத்துச் சிறுவன் ரையன் வைட்டுக்கு ரத்தம் உறையாத பிறவி நோய். அதற்கு ஏற்றிய மருந்தின் மூலம் எச்.ஐ.வி. தொற்றியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தார்கள். போராடிப் படித்த அந்தப் பையன் 1990 ஏப்ரலில் 18 வயதில் இறந்தான். அதே ஆண்டு அவன் பெயரில் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. காப்பீடு இல்லாதவர்களுக்கும் ஏழைகளுக்கும் சிகிச்சை கொடுக்கும் திட்டம் அது. அமெரிக்காவில் எச்.ஐ.வி. இருப்பது கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்று அதனால் பயன்பெறுகிறார்கள். சிகிச்சைக்கான திட்டம்தான் என்றாலும், புதிய சேவை முறைகளைச் சோதித்துப் பார்க்க அதில் தனியாக ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 2013 முதல் 2018 வரை மெக்சிகோ, பியூர்ட்டோ ரிக்கோ வம்சாவளி நோயாளிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவரும் முறைகளை அந்தப் பங்கிலிருந்துதான் பல ஊர்களில் சோதித்தார்கள்.

நான்காவது, மாநில அரசுகள். கலிபோர்னியா சட்டமன்றம் 1983-லேயே, அதாவது நோய் வெளியே தெரிந்து இரண்டே ஆண்டுகளில், மாநிலப் பல்கலைக்கழகம் வழியாக எய்ட்ஸ் ஆராய்ச்சி நிதியைத் தொடங்கிவிட்டது. தன் வீட்டில் நெருப்புப் பிடித்தவன் பக்கத்து வீட்டுக்காரன் வரட்டும் என்று காத்திருக்க மாட்டான் அல்லவா?

ஒரே மக்கள், இரண்டு ஊர்கள்

உள்ளூர் ஆராய்ச்சி என்ன தரும் என்பதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான உதாரணம், நியூயார்க் நகரத்தின் ஈஸ்ட் ஹார்லெம் பகுதியிலும் பியூர்ட்டோ ரிக்கோ தீவின் பயமோன் நகரத்திலும் 1990-களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வு. அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு நிதி கொடுத்தது.

ஈஸ்ட் ஹார்லெமில் பியூர்ட்டோ ரிக்கோ மக்கள் ஏராளம். தீவுக்கும் நியூயார்க்குக்கும் விமானத்தில் போய்வந்துகொண்டே இருப்பார்கள். ஊசியில் போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் எச்.ஐ.வி.யும் இரண்டு இடங்களிலும் இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருக்கவில்லை. தெருவில் இறங்கி, அந்தப் பழக்கம் உள்ளவர்களை நேரில் பார்த்து, ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பேசி விவரம் சேகரித்தார்கள்.

தீவில் இருந்தவர்கள் நியூயார்க்கில் இருந்தவர்களை விட அடிக்கடி ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊசியையும் அதன் உபகரணங்களையும் அதிகமாகப் பகிர்ந்துகொண்டார்கள் என்று தெரியவந்தது. அதே மக்கள், அதே மொழி, அதே உறவுமுறை. வித்தியாசம் எங்கே? போதையிலிருந்து மீட்கும் மெத்தடோன் சிகிச்சை நியூயார்க்கில் எளிதாகக் கிடைத்தது. தீவில் கிடைப்பது அரிதாக இருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பை யோசித்துப் பாருங்கள். ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால், "அந்த ஜனங்களே அப்படித்தான்" என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருப்பார்கள். ஒரு சமுதாயத்தின் மேல் போடப்படும் பழியை, கணக்கெடுத்துப் பார்த்த ஆய்வு இறக்கி வைத்தது. குறை மக்களின் குணத்தில் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த சேவையில் இருந்தது என்று காட்டியது. பழிச்சொல் கேட்டுப் பழகிய எந்தச் சமுதாயத்துக்கும் இது பெரிய விஷயம்.

கைபிடித்து அழைத்துப்போவது

இரண்டாவது உதாரணம், சி.டி.சி. நிதியில் அட்லாண்டா, பால்டிமோர், லாஸ் ஏஞ்சல்ஸ், மயாமி ஆகிய நான்கு நகரங்களில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வு. இவற்றில் லாஸ் ஏஞ்சல்ஸும் மயாமியும் ஹிஸ்பானிக் மக்கள் பெருமளவில் வாழும் நகரங்கள். எச்.ஐ.வி. இருப்பது சமீபத்தில் தெரியவந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல விவரத் தாளும் கிளினிக் முகவரியும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினரை ஒரு பணியாளர் 90 நாட்களுக்குள் ஐந்து தடவை வரை சந்தித்துப் பேசி, தேவைப்பட்டால் கூடவே கிளினிக்குக்கும் போனார்.

ஆறு மாதத்தில் மருத்துவரைப் பார்த்தவர்கள், முகவரி மட்டும் பெற்ற பிரிவில் 100-க்கு 60 பேர். பணியாளர் துணையாக வந்த பிரிவில் 78 பேர். ஹிஸ்பானிக் நோயாளிகள் மற்றவர்களை விடச் சிகிச்சையில் நன்றாகவே நிலைத்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. கூப்பிட ஆள் இருந்தால் அவர்கள் வருகிறார்கள். இந்த முறையைப் பிறகு சி.டி.சி. நாடு முழுவதும் பயிற்சி கொடுத்துப் பரப்பியது.

மூன்றாவது உதாரணத்தில் பதில் 'இல்லை' என்று வந்தது. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் உள்ள பென் டாப் அரசு மருத்துவமனையில், கறுப்பின, ஹிஸ்பானிக் ஏழைகளே அதிகமாக வரும் இடத்தில், உள்நோயாளியாகச் சேர்ந்த 460 எச்.ஐ.வி. நோயாளிகளிடம் என்.ஐ.எச். பணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. நோயைக் கட்டுக்குள் வைத்து நலமாக வாழும் சக நோயாளிகளே அவர்களுக்கு வழிகாட்டியாக வந்து பேசினார்கள். கேட்கும்போதே நல்ல யோசனையாகத் தோன்றுகிறது. 2016-ல் வெளியான முடிவு என்ன? வெளிநோயாளி சிகிச்சைக்குத் திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கை அதனால் கூடவில்லை.

பணம் வீணா? இல்லை. நல்லதாகத் தோன்றும் ஒரு திட்டத்தை நூறு மருத்துவமனைகளில் தொடங்கிப் பத்தாண்டுகள் கழித்துப் பலனில்லை என்று தெரிந்துகொள்வதை விட, ஒரு மருத்துவமனையில் சோதித்துத் தெரிந்துகொள்வது எவ்வளவோ சிக்கனம். தர்மப் பணத்தைக் கையாள்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நம் நல்லெண்ணம் மட்டும் ஒரு திட்டத்தைப் பலன் உள்ளதாக ஆக்கிவிடாது.

உடம்பு சம்பந்தமான கேள்விகளிலும் ஊர் முக்கியம். மத்திய அமெரிக்காவில் மண்ணிலிருந்து மூச்சு வழியாக உடம்பில் நுழையும் 'ஹிஸ்டோபிளாஸ்மா' என்ற பூஞ்சை உண்டு. அங்கிருந்து வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி குறையும்போது, பல வருடங்கள் கழித்துக்கூட அது கிளம்பும். காய்ச்சல், இளைப்பு, இருமல் எல்லாம் காசநோய் போலவே இருக்கும். கலிபோர்னியாவின் விவசாயப் பள்ளத்தாக்கிலும் அரிசோனாவிலும் வேறொரு மண் பூஞ்சை இருக்கிறது. வயலில் புழுதியோடு வேலை செய்பவருக்கு அதனால் ஆபத்து. நோயாளி எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன வேலை செய்கிறார் என்று கேட்கத் தெரியாத மருத்துவர் தவறான மருந்தைக் கொடுத்துவிடக்கூடும்.

நம்பிக்கையை உடைத்த வரலாறு

"ஆராய்ச்சி என்று சொல்லி எங்களை எலியாக்குகிறார்களா?" என்ற பயம் ஏழை மக்களுக்கு எங்கும் உண்டு. ஹிஸ்பானிக் மக்களுக்கு அந்தப் பயம் காரணமில்லாமல் வரவில்லை.

1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஒரு கொடுமையைச் செய்தார்கள். சிறைக் கைதிகள், படைவீரர்கள், மனநல மருத்துவமனை நோயாளிகள் உள்ளிட்ட 1,300-க்கும் மேற்பட்டோருக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமல், வேண்டுமென்றே பால்வினை நோய்க் கிருமிகளைத் தொற்ற வைத்தார்கள். அதற்குச் செலவானதும் என்.ஐ.எச். மானியம்தான், மக்களின் வரிப்பணம்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது வெளியே தெரியவில்லை. சூசன் ரெவர்பி என்ற வரலாற்றுப் பேராசிரியை பழைய காகிதங்களில் அதைக் கண்டெடுத்தார். 2010 அக்டோபரில் அமெரிக்க அரசு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

அமெரிக்காவுக்குள்ளேயே, டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின ஏழைகளின் மேகநோய்க்குச் சிகிச்சை கொடுக்காமல் 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த ஆய்வு அம்பலமான பிறகுதான் சட்டங்கள் இறுகின. இன்று மனிதர்களிடம் நடக்கும் எந்த ஆய்வையும், அதற்கென உள்ள நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். பங்கெடுப்பவருக்கு அவர் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகிக்கொள்ளலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக்கூடாது. எச்.ஐ.வி. ஆய்வு மையங்களில் உள்ளூர் மக்களும் நோயாளிகளும் உட்காரும் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன.

1993-ல் இன்னொரு சட்டம் வந்தது. என்.ஐ.எச். பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளில் பெண்களையும் சிறுபான்மை மக்களையும் சேர்க்க வேண்டும். "செலவு அதிகமாகும்" என்பதை அவர்களை ஒதுக்குவதற்குக் காரணமாகச் சொல்லக்கூடாது என்று அது விதித்தது. ஏழைகளை ஏமாற்றிச் சோதித்தது ஓர் அநீதி. பிறகு அவர்களை ஆய்விலிருந்தே விட்டுவிட்டு, வேறு யாரிடமோ சோதித்த மருந்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தது இன்னோர் அநீதி. இரண்டுக்கும் நடுவில் உள்ள நேர்வழியைத்தான் இந்தச் சட்டங்கள் தேடுகின்றன.

பணம் பாதியில் நின்றால்?

பல ஆண்டுகள் கட்டிய நம்பிக்கையை ஒரு கடிதத்தில் கலைத்துவிடவும் முடியும். 2025-ன் தொடக்கத்திலிருந்து, அரசின் புதிய முன்னுரிமைகளுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி என்.ஐ.எச். நூற்றுக்கணக்கான மானியங்களைப் பாதியிலேயே ரத்து செய்தது. சிறுபான்மை மக்களின் உடல்நலம் பற்றிய ஆய்வுகளும் எச்.ஐ.வி. ஆய்வுகளும் அவற்றில் இருந்தன. வழக்கு நடந்தது. ஜூன் மாதம் பாஸ்டன் நீதிபதி ஒருவர் ரத்து செல்லாது என்றார். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில், வழக்கு நடக்கும்போதே அரசு அந்த மானியங்களை நிறுத்தி வைக்கலாம் என்று உத்தரவிட்டது.

பொதுப்பணத்தை எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்ய அரசுக்கு உரிமை உண்டுதான். ஆனால் மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வு, பாதியில் நிறுத்தக்கூடிய கட்டட வேலை அல்ல. கடைசி வரைக்கும் தொடர்ந்து பார்த்தால்தான் எந்தச் சிகிச்சை நல்லது என்ற முடிவு கிடைக்கும். நடுவில் நிறுத்தினால் அதுவரை செலவான பணமும் போகும், முடிவும் கிடைக்காது. அதை விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. குடியேற்ற பயத்தையும் குடும்ப பயத்தையும் மீறி, "நம்பி வாருங்கள்" என்று கூப்பிட்டதால் வந்த நோயாளி, அடுத்த முறை கூப்பிட்டால் வருவாரா?

சென்னையும் இதில் இருக்கிறது

அமெரிக்கப் பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியின் பலன் நம் ஊர்வரைக்கும் வந்திருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக 1986-ல் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. "நம் நாட்டில் இந்த நோய் எப்படி வரும்?" என்று பலரும் நம்ப மறுத்த காலம் அது. உள்ளூரில் தேடிப் பார்த்ததால்தான் உண்மை வெளிவந்தது.

பிறகு அதே சென்னை, ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் பங்கெடுத்தது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத ஜோடிகள் அவர்கள். 2011 மே மாதம் முடிவு வந்தது. சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்கிய பிரிவில் 27 பேருக்குத் துணையிடமிருந்து தொற்றியிருந்தது; உடனே தொடங்கிய பிரிவில் ஒரே ஒருவருக்குத்தான். அதாவது 96 சதவீதப் பாதுகாப்பு. "சிகிச்சையே தடுப்பு" என்று இன்று உலகம் முழுவதும் சொல்வதற்கு அடிப்படை இதுதான். அதற்கு நிதி அமெரிக்க அரசுடையது. சாட்சி சொன்னவர்களில் சென்னைத் தம்பதிகளும் உண்டு.

நமக்கு என்ன பாடம்?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மாத்திரைக்குக் கொடுக்கும் பணம் இன்றைய நோயாளியைக் காப்பாற்றுகிறது. மாத்திரை ஏன் போய்ச் சேரவில்லை என்று தேடுவதற்குக் கொடுக்கும் பணம், நம் கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் நோயாளியைக் காப்பாற்றுகிறது. இரண்டாமவர் நம் அலுவலகத்துக்கு மனு எழுதிக்கொண்டு வரமாட்டார். அவரைத் தேடிப் போக வேண்டும். ஆய்வு என்பது அந்தத் தேடல்தான்.

ஆகவே அரசோ மருத்துவக் கல்லூரியோ நம் பகுதியில் உடல்நலக் கணக்கெடுப்பு நடத்த வந்தால் கதவைச் சாத்திவிட வேண்டாம். வந்தவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். யார் நடத்துகிறார்கள்? நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா? பெயரும் விவரமும் ரகசியமாக இருக்குமா? முடிவை எங்களிடமும் சொல்வீர்களா? தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தைப் படித்துப் புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

எச்.ஐ.வி. பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் அரசு 2004 ஏப்ரல் முதல் கூட்டு மருந்து சிகிச்சையை இலவசமாகக் கொடுத்துவருகிறது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் போன் செய்து விவரம் கேட்கலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி, சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. ஒருவருக்குத் தொற்று இருப்பதை வெளியிடக் கூடாது. அதைக் காரணம் காட்டி வேலையோ படிப்போ சிகிச்சையோ மறுக்கக் கூடாது.

மஹல்லாவில் ஒருவருக்கு இந்த நோய் என்று காதில் விழுந்தால், அந்தச் செய்தி நம்மோடு நிற்கட்டும். பிறர் குறையை மூடி வைப்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். எப்படி வந்தது என்று விசாரிக்க நமக்கு வேலையில்லை. மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, மருத்துவமனைக்குத் துணை வேண்டுமா என்று கேட்பது நம் கடமை. நான்கு அமெரிக்க நகரங்களில் பணம் செலவழித்துக் கண்டுபிடித்ததும் அதைத்தான்: முகவரிச் சீட்டை நீட்டுவதை விட, கூட ஒருவர் நடந்து போவதால் அதிகம் பேர் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

உதவி தேவைப்படுபவர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் தனியாக வந்து பேசலாம். பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. பெண்களுக்குப் பெண் தொண்டர்களே துணையாக வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தையும் ரகசியங்களையும் காக்கும் தெம்பை நமக்கு அளிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்